நீரடியிற் கிடக்கும் துறைமுகங்கள்

காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையேயுள்ள நீர்வழியின் வாயிலிலே, அலைகளுக்கு நடுவே, கடற்கோட்டை நிற்கின்றது. போத்துக்கீசர் எழுப்பிய அக்கோட்டையை 1658-ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் கைப்பற்றி, ‘ஹம்மன்ஹீல்’ எனப் பெயரிட்டனர். பன்றித் தொடையின் குதி என்பது அப்பெயரின் பொருள். இலங்கைத் தீவின் வடிவம் அவர்களுக்குப் பன்றித் தொடை போலத் தோன்றியதாகவும், அதன் குதிப்பக்கத்தில் இக்கோட்டை அமைந்தமையால் அப்பெயர் வந்ததாகவும் கூறுவர்.

இதனை முன்பின் அறியாத ஒருவர் தொலைவிலிருந்து நோக்குவாராயின், நிலத்தின்மீது நின்ற கோட்டையைக் கடல் வந்து சூழ்ந்துகொண்டது போலும் என எண்ணக்கூடும். உண்மை அதுவன்று. நீர்வழியைக் காக்கும் பொருட்டு, நீருக்கு நடுவே கிடந்த திட்டொன்றின்மீதே அது கட்டப்பட்டது. கடல் கோட்டையைத் தேடி வரவில்லை. கோட்டையே கடலைத் தேடிச் சென்றது. நீரிலே ஒரு மதிலைக் கண்டவுடன், ‘இவ்விடம் முன்னாளில் நிலமாயிருந்தது’ என முடிவுகட்டலாகாது என்பதற்குத் தீவுப்பகுதி மக்களுக்கு இதனினும் அண்மையான சான்று வேண்டுவதில்லை.

நீரடித் தொல்லியல் என்னும் துறையின் முதற்பாடமும் இதுவேயாகும். மண்ணை அகழ்ந்து பழைய ஊர்களை ஆராய்வது போலவே, கடலடியிலும் ஆற்றடியிலும் ஏரியடியிலும் கிடக்கும் கட்டடங்களையும் கப்பல்களையும் பண்டங்களையும் ஆராய்வது இத்துறை. கடலடியிற் கிடப்பது யாது? அது அங்கே எவ்வாறு வந்தது? எப்பொழுது வந்தது? இம்மூன்று வினாக்களுக்கும் விடை காணும்வரை, கண்டெடுத்த பொருள் வியப்புக்கு உரியதாகலாம், வரலாற்றுக்கு உரியதாகாது.

பண்டைத் துறைமுகமொன்று நீருக்கடியிற் செல்வதற்கு வழிகள் பல உண்டு. நிலமே தாழ்ந்து போகலாம். கட்டடம் அமிழ்ந்து போகலாம். கரையை அலை அரித்துச் செல்லலாம். இம்மூன்றுக்கும் உலகிலே தெளிவான எடுத்துக்காட்டுகள் உள்ளன. அவற்றுள் இரண்டு உரோமர் காலத்துத் துறைமுகங்கள். மூன்றாவது, உரோமருடன் வாணிகஞ் செய்த தமிழர் துறைமுகம்.

முதலாவது, இத்தாலி நாட்டின் நேப்பிள்சு விரிகுடாவில் உள்ளது. கி. மு. 37-ஆம் ஆண்டளவில், பின்னாளில் அகத்தசு எனப் பேர்பெற்ற ஒக்தேவியனுக்காக, அகிரிப்பா என்னும் தளபதி அங்கே கடற்படைத் துறைமுகமொன்றை அமைத்தான். யூலியசுத் துறைமுகம் என்பது அதன் பெயர். அதனை அடுத்துள்ள பாயே என்னும் ஊரில் உரோமச் செல்வர்கள் கடற்கரை மாளிகைகள் கட்டி வாழ்ந்தனர். இன்று அத்துறைமுகத்தின் சுவர்களும், பாயேயின் தெருக்களும், வண்ணக்கற்கள் பதித்த தளங்களும் சில மீற்றர் ஆழத்தில் நீருக்கடியிற் கிடக்கின்றன. 1940-களில் வானூர்தியிலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் அக்கட்டடங்களின் வரிவடிவம் தெளிந்த நீரினூடே தென்பட்டது. 2002-ஆம் ஆண்டில் அப்பகுதி நீரடித் தொல்லியற் காப்பகமாக்கப்பட்டது.

அங்கே கடல் உயர்ந்ததிலும் பார்க்க நிலம் தாழ்ந்ததே பெரிது. அந்நிலம் பெரியதோர் எரிமலைப் படுகை. அடியிலுள்ள பாறைக் குழம்பும் வெந்நீரும் வாயுக்களும் பெருகுங்கால் நிலம் எழும், ஒடுங்குங்கால் தாழும். அயலிலுள்ள பொசுவோலி என்னும் ஊரில், பழைய சந்தைக் கட்டடமொன்றின் மூன்று சலவைக்கற் றூண்கள் நிற்கின்றன. தரையிலிருந்து பல அடி உயரத்தில், அத்தூண்களைச் சுற்றிக் கல்லைத் துளைக்கும் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் காணப்படுகின்றன. நின்ற நிலையிலேயே தூண்கள் கடலுக்குள் இறங்கிப் பின்னர் மேலே வந்தன என்பதற்கு அத்துளைகளே சாட்சி. புவியியல் அறிஞராகிய சாள்சு இலையல் 1830-ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது நூலின் முகப்பில் அத்தூண்களின் படத்தையே பொறித்தார். அண்மைக் காலத்திலும் அந்நிலம் ஓய்ந்திருக்கவில்லை. 1982 முதல் 1984 வரையில் அது ஏறத்தாழ 1.8 மீற்றர் உயர்ந்தமையால், பொசுவோலித் துறைமுகத்திற் படகு கட்டும் இடங்கள் ஆழங் குன்றின.

இரண்டாவது, இன்றைய இசுரவேல் நாட்டின் மத்தியதரைக் கடற்கரையிலுள்ள செசரியா. ஏரோது மன்னன் உரோமப் பேரரசன் அகத்தசுவின் பெயரால் அந்நகரைக் கட்டினான். அங்கே இயற்கைக் குடா இல்லை. ஆகையால், கி. மு. 22-ஆம் ஆண்டு முதல் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளில், திறந்த கடலிலே இரு பெரும் அலைதடுப்பு அணைகளை அமைத்தனர். மரப்பெட்டிகளைக் கடலில் இறக்கி, அவற்றினுள்ளே சுண்ணாம்பும் கல்லும் எரிமலைச் சாம்பலும் கலந்த சாந்தை இட்டனர். அச்சாம்பலை நேப்பிள்சுப் பகுதியிலிருந்தே கப்பலேற்றிக் கொணர்ந்தனர். சாதாரணச் சுண்ணச்சாந்து நீரிலே கரையும். எரிமலைச் சாம்பல் சேர்ந்த சாந்தோ நீருக்கடியிலேயே இறுகும். உரோமரது துறைமுகத் தொழில்நுட்பத்தின் உயிர்நாடி இதுவே.

ஆயினும் அவ்வணைகள் நிலைக்கவில்லை. இன்று அவற்றின் பெரும்பகுதி பல மீற்றர் ஆழத்தில் அமிழ்ந்து கிடக்கின்றது. சாந்து கல்லாயிற்று, ஆனால் அது இருந்த அடித்தளம் மணல். தன் பாரத்தாலேயே அணை மணலிற் புதைந்தது என்பர் சிலர். நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் அதனை முறித்தன என்பர் வேறு சிலர். இக்காரணங்கள் சேர்ந்தே இயங்கின எனக் கொள்வது பொருந்தும். பாயேயில் ஊரே தாழ்ந்தது. செசரியாவில் துறைமுகம் அமிழ்ந்தது, நகரத்தின் இடிபாடுகள் பெரும்பாலும் கரையிலேயே உள்ளன. காட்சி ஒன்றே, காரணம் வேறு.

மூன்றாவது, காவிரியாறு கடலொடு கலக்குமிடத்தில் விளங்கிய காவிரிப்பூம்பட்டினம். கி. பி. முதல் நூற்றாண்டிற் கிரேக்க மாலுமி ஒருவர் எழுதிய ‘எரித்திரைக் கடற் பெரிப்புளூசு’ என்னும் நூல் கூறும் ‘கமரா’ என்னும் துறையும், அடுத்த நூற்றாண்டிற் றொலமி குறிப்பிட்ட ‘கபேரிசு’ என்னும் துறையும் இதுவே என அறிஞர் கருதுவர். இப்பட்டினத்தின் அங்காடியிற் குவிந்த பண்டங்களை எண்ணும் பட்டினப்பாலை, ஈழத்திலிருந்து வந்த உணவுப் பொருளையும் சேர்த்து எண்ணுகின்றது. இதனைக் கடல் கொண்டதாக மணிமேகலை கூறும். அக்காப்பியம் கூறும் மணிபல்லவத் தீவு நயினாதீவே எனக் கருதுவோரும் உளர். ஆதலின், புகாரின் கதை தீவுப்பகுதியினருக்கு அயலார் கதையன்று.

புகாரிற் கிடைத்த சான்றுகள் இரு திசையிற் செல்கின்றன. 1962–63-ஆம் ஆண்டுகளில் இந்தியத் தொல்லியற் றுறையினர் கீழையூரில் அகழ்ந்தபோது, செங்கல்லாலான படகுத்துறையொன்றும், படகுகளைக் கட்டிய மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. அத்துறை கிடந்தது கடலில் அன்று. கரையின் உட்புறத்தே, மண்ணுக்கடியில். மறுபுறம், 1981-ஆம் ஆண்டு முதலாகக் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் எசு. ஆர். இராவ் அவர்களின் தலைமையில் நீருக்கடியில் ஆராய்ந்தபோது, கரையோரக் கடலிலே செங்கற்களும் செதுக்கிய கற்களும் பானையோடுகளும் கிடைத்தன. ஒரே பட்டினத்தின் ஒரு பகுதியை ஆற்று வண்டல் மூடியது. மற்றொரு பகுதியை அலை அரித்தது. ஆறு தன் வாயை மாற்றுங்கால் இவ்விரண்டும் நிகழும். ‘கடல் கொண்டது’ என்னும் சொல்லுக்குப் பின்னே, ஒரே இரவின் பெருவெள்ளம் மட்டுமன்றி, தலைமுறை தலைமுறையாக நிகழ்ந்த கரையரிப்பும் இருக்கலாம் என்பதை இச்சான்றுகள் உணர்த்துகின்றன.

அதே புகார்க் கடலிலே, மூழ்கிய கப்பலொன்றிலிருந்து ஈயக் கட்டிகளும் கிடைத்தன. அவற்றிலே ஆங்கிலேய வணிகர் ஒருவரின் பெயரும், 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறிக்கப்பட்டிருந்தன. பொறிப்பு இல்லாதிருந்தால், புகாரின் அயலிற் கிடைத்த கட்டிகள் புகார்க் காலத்தனவே எனச் சிலர் சாதித்திருப்பர். ஏறத்தாழ 23 மீற்றர் ஆழத்திற் காணப்பட்ட குதிரைலாட வடிவான அமைப்பொன்றை, ஆழத்தை மட்டுமே கணக்கிட்டுப் பல்லாயிரம் ஆண்டு முந்திய நகரெனச் சிலர் எழுதவுஞ் செய்தனர். ஆழம் காலத்தைக் கூறிவிடாது. கடந்த பனிக்காலத்தின் உச்சத்தில், ஏறக்குறைய 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், கடல்மட்டம் இன்றையதிலும் ஏறத்தாழ 120 மீற்றர் தாழ்ந்திருந்தது என்பதும், அன்று இலங்கை இந்தியாவோடு நிலத்தால் இணைந்திருந்தது என்பதும் உண்மை. ஆனால் சங்ககாலத்தில், உரோமக் கப்பல்கள் வந்த காலத்தில், கடல்மட்டம் ஏறக்குறைய இன்றைய நிலையை எய்திவிட்டது. ஒன்றின் கணக்கை மற்றொன்றுக்கு ஏற்றிக் கூறுதல் தமிழுக்கு ஆக்கந் தருவதாகாது.

இனி, இச்சான்றுகளை முதலிற் காண்போர் யாவர் என நோக்குவோம். பெரும்பாலும் அறிஞர் அல்லர். கடலை நம்பி வாழ்வோரே. 1900-ஆம் ஆண்டிற் கிரேக்க நாட்டுக் கடற்பஞ்சு குளிப்போர் சிலர், புயலுக்கு ஒதுங்கிய அந்திக்கிதீரா என்னும் தீவின் அருகே மூழ்கியபோது, கடலடியில் வெண்கலச் சிலைகளையும் சலவைக்கற் சிலைகளையும் கண்டனர். அது கி. மு. முதல் நூற்றாண்டில் மூழ்கிய கப்பல். மறு ஆண்டில் அவர்களைக் கொண்டே பொருள்களை மேலெடுத்தனர். அம்முயற்சியில் ஒருவர் உயிரிழந்தார், இருவர் முடமாயினர். நீரழுத்தத்தின் இயல்பை அக்காலத்தார் நன்கு அறிந்திராமையே காரணம். பல்சக்கரங்கள் பொருந்திய வானியற் கருவியொன்று, வெறும் துருப்பிடித்த கட்டியாக எண்ணப்பட்டுக் கிடந்து, 1902-ஆம் ஆண்டிலேதான் கண்ணிற்பட்டது. எப்பொருள் கப்பலின் எப்பகுதியிற் கிடந்தது என்பதை எவரும் முறையாகக் குறித்துவைக்கவில்லை. அவ்விழப்பை எந்த அரும்பொருட் காட்சியகமும் இன்று ஈடுசெய்ய இயலாது.

1943-ஆம் ஆண்டிற் பிரான்சு நாட்டவராகிய கூசுத்தோவும் காஞானும், அழுத்திய காற்றை முதுகிற் சுமந்து மூழ்கும் கருவியை உருவாக்கினர். அதன்பின் அறிஞர் தாமே கடலடிக்குச் செல்ல வழி பிறந்தது. 1960-ஆம் ஆண்டில், துருக்கிக் கரையிலுள்ள கெலிதோனியா முனையில், ஏறத்தாழ 3,200 ஆண்டுகளுக்கு முன்னர் மூழ்கிய கப்பலொன்றை யோர்ச்சு பாசு என்பார் அகழ்ந்தார். நிலத்தில் அகழ்வது போன்றே அளந்து, வரைந்து, படம்பிடித்து, கடலடிக் கப்பலொன்று முற்றாக ஆராயப்பட்டது அதுவே முதன்முறை. அவ்விடத்தைக் காட்டியவரும் கடற்பஞ்சு குளிக்கும் ஒருவரே.

இலங்கையிலும் இதுவே நிகழ்ந்தது. தென்கரையில், வளவை கங்கையின் கழிமுகத்துக்கு அண்மையிற் கொடவாய என்னும் ஊர் உளது. அங்குள்ள துறையின் சுங்க வருவாயைப் பௌத்த விகாரைக்கு வழங்கியதாக, இரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட கசபாகு மன்னனின் கல்வெட்டொன்று கூறுகின்றது. 2003-ஆம் ஆண்டில் அக்கடலிற் சங்கு குளித்தோர், ஏறத்தாழ 30 மீற்றர் ஆழத்தில் விந்தையான கற்களையும் பானைகளையும் கண்டனர். மேலே கொணரப்பட்ட கற்களுள் ஒன்று சிறு ஆசனம் போன்றது. அதிலே மீன் முதலிய மங்கலச் சின்னங்கள் செதுக்கப்பட்டிருந்தன. செய்தி அறிஞரை எட்டியது. பின்னர் இலங்கைச் சுழியோடிகளும் அமெரிக்க, பிரெஞ்சு அறிஞரும் சேர்ந்து, 2012 முதல் 2014 வரையில் அவ்விடத்தை முறையாக ஆராய்ந்தனர். கண்ணாடிப் பாளங்களும், இரும்பும் செம்புமாகிய உலோகங்களும், அம்மிக்கற்களும் அக்கப்பலின் சரக்கெனத் தெரியவந்தது. மரத்தின் காலம் கி. மு. இரண்டாம் நூற்றாண்டுக்கும் கி. பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது எனக் கணிக்கப்பட்டது. இந்தியப் பெருங்கடலில் இதுவரை அறியப்பட்ட மூழ்கிய கப்பல்களுள் மிகப் பழையது இதுவே.

இக்கப்பலின் சிறப்பு யாது? உரோமப் பேரரசுடன் நடந்த வாணிகத்தைப் பற்றிக் கூறுங்கால், உரோமக் காசுகளையும் மதுச்சாடிகளையுமே எடுத்துரைப்பது வழக்கம். கொடவாயக் கப்பலோ, தென்னாசியக் கரைகளுக்கு இடையே தென்னாசியப் பண்டங்களை ஏற்றிச் சென்ற கலம். மேற்கிலிருந்து வந்த பெருங்கப்பல் ஒன்றுக்குப் பின்னே, உள்ளூர்க் கரையோரக் கலங்கள் பல உழைத்தன என்பதற்கு அது சான்று. பெரிப்புளூசும் சோழமண்டலக் கரையிற் கரையோரமாக ஓடிய உள்ளூர்க் கலங்களையும், மரங்களைப் பிணைத்துச் செய்த ‘சங்கரா’ என்னும் பெருங்கலங்களையும் குறிப்பிடுகின்றது. வெறுங் கல்லாசனம் ஒன்று மட்டும் எவர் வீட்டு முற்றத்திலோ கிடந்திருப்பின், இவ்வளவும் அறிய இயலுமோ? கல்லின் பக்கத்தே கண்ணாடி கிடந்தது. கண்ணாடியின் கீழே மரம் கிடந்தது. மரம் காலத்தைக் கூறியது. பொருள்கள் ஒன்றையொன்று அடுத்துக் கிடந்த அந்த முறையே உண்மையான புதையல்.

அதனாலேயே, நீரடித் தொல்லியலார் முதலிற் செய்வது எடுத்தல் அன்று, அளத்தல். கடலடியிற் கயிற்றாலோ குழாயாலோ சதுரக் கட்டங்கள் இடுவர். ஒவ்வொரு கட்டத்தையும் படம்பிடிப்பர்; ஒவ்வொரு பொருளுக்கும் இலக்கமிடுவர். மணலை மண்வெட்டியால் வெட்டாது, நீரையும் மணலையும் உறிஞ்சும் குழாயால் மெல்ல அகற்றுவர். ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்திற்கும் உடலின்மீது ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். 30 மீற்றரில் மேற்பரப்பிலுள்ளதைப் போல் நான்கு மடங்கு. அந்நிலையிற் குருதியிற் கரையும் நைதரசன், விரைந்து மேலேறினாற் குமிழிகளாகி உடலை முடக்கும். ஆதலின் கடலடியிற் சிறிதுநேரமே வேலை செய்து, நின்று நின்று மேலே வருவர். நிலத்தில் ஒரு நாளில் முடியும் வேலை, அங்கே பல நாள் எடுக்கும்.

மேலே வந்த பொருளுக்கும் இடர் நீங்கிவிடவில்லை. பல நூற்றாண்டுகள் உப்புநீரிற் கிடந்த பானையை வெயிலில் உலர்த்தினால், உள்ளே ஊறிய உப்புப் பளிங்காகி விரிந்து, பானையின் மேற்புறம் செதில் செதிலாக உதிரும். நீரில் ஊறிய மரம் உலர்ந்தவுடன் சுருங்கிப் பிளக்கும். இரும்பு காற்றுப்பட்டவுடன் பொடியாகும். இவற்றைத் தடுக்க, நன்னீரில் இட்டு, அந்நீரைப் பலகால் மாற்றி, உப்பைப் படிப்படியாக அகற்ற வேண்டும். 1961-ஆம் ஆண்டில் மேலெடுக்கப்பட்ட சுவீடன் நாட்டுப் போர்க்கப்பலாகிய ‘வாசா’வின் மரத்தைக் காக்க, ஒருவகை மெழுகுக் கரைசலைப் பதினேழு ஆண்டுகள் இடைவிடாது தெளித்தனர். கடல் நூற்றாண்டுகளாகக் காத்ததை, மனிதன் ஒரு கிழமையில் அழித்துவிட முடியும்.

இவ்வளவும் யாழ்ப்பாணத்துத் தீவுகளுக்கு எவ்வாறு பொருந்தும்? குடாநாட்டின் கந்தரோடையிற் போல் ஈ. பீரிசு அவர்கள் 1910-களில் மேற்கொண்ட ஆய்வில் உரோமக் காசுகள் கிடைத்தன. 1970-ஆம் ஆண்டு பென்சில்வேனியாப் பல்கலைக்கழக அரும்பொருட் காட்சியகத்தார் அங்கு அகழ்ந்தபோது, உரோம வாணிகக் காலத்துத் துறைமுகங்கள் பலவற்றிற் கிடைக்கும் சக்கர வரியிட்ட மட்பாண்டங்கள் வெளிப்பட்டன. கந்தரோடை கடற்கரையில் அமைந்த ஊரன்று. அதனை அடுத்து ஓடும் வழுக்கையாறோ அராலிப் பக்கத்தே, காரைநகருக்கு எதிரேயுள்ள பரவைக் கடலிற் சென்று கலக்கின்றது. வடகரையில் மாதகலை அடுத்த சம்புத்துறை, மகாவமிசம் கூறும் சம்புகோளப் பட்டினம் எனக் கொள்ளப்படுகின்றது. காரைநகரிலும் வேலணையின் சாட்டியிலும் பெருங்கற்கால மக்களின் சுவடுகளைப் பொன்னம்பலம் இரகுபதி அவர்களின் கள ஆய்வு எடுத்துக்காட்டியது. அவரது நூல் 1987-ஆம் ஆண்டில் வெளிவந்தது. அல்லைப்பிட்டியில், பதினோராம் பன்னிரண்டாம் நூற்றாண்டுகளுக்குரிய சீன மட்பாண்டங்கள் பெருந்தொகையாகக் கிடைத்தன. 2018-ஆம் ஆண்டிற் சாங்காய் அரும்பொருட் காட்சியகத்தார் இலங்கை அறிஞருடன் சேர்ந்து அங்கு அகழ்ந்தனர்.

இவையாவும் நிலத்திற் கிடைத்தவை. அவை வந்ததோ நீர்வழியே. உரோமக் காசையும் சீனக் கிண்ணத்தையும் கரைசேர்த்த கலங்களுள் எல்லாமே கரை சேர்ந்திருக்க முடியாது. பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீற்றருக்கு உட்பட்ட ஆழமுடையது; மணற்றிட்டுகளும் முருகைக்கற் பார்களும் நிறைந்தது. வாடைக்காற்றுக் காலத்தில் வழி தவறிய கலத்துக்கு அது கொடிய கடல். கலங்கள் அங்கே உடைந்தன என்பதற்குக் கல்லிலேயே சான்று உளது.

நயினாதீவு நாகபூசணி அம்மன் கோயிலிலுள்ள தமிழ்க் கல்வெட்டே அது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனது ஆணையை அது தாங்கியது. கா. இந்திரபாலா அவர்கள் அதனை ஆராய்ந்து 1963-ஆம் ஆண்டில் வெளியிட்டார். பிறநாட்டு வணிகர் ஊராத்துறையில், அதாவது இன்றைய ஊர்காவற்றுறையில், வந்து தங்கவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கப்படும் என்றும் அவ்வாணை கூறுகின்றது. யானையும் குதிரையும் கொண்டுவந்த மரக்கலம் உடைந்தால், நாலில் ஒரு பங்கு அரசுக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிகச் சரக்கு ஏற்றிய மரக்கலம் உடைந்தால், செம்பாதி அரசுக்கு, செம்பாதி உடையவனுக்கு. போருக்கு வேண்டிய விலங்குகளைக் கொணர்வோருக்கு மன்னன் கூடுதற் சலுகை காட்டினான். கலம் உடைவது அரிய நிகழ்ச்சியாயின், அதற்கெனப் பங்குவீதம் வகுத்துக் கல்லிற் பொறிக்க வேண்டுவதில்லை.

ஊர்காவற்றுறையையும் காரைநகரையும் சூழ்ந்த கடலிற் சங்கு குளிப்போரும் கடலட்டை பிடிப்போரும் தலைமுறைகளாகத் தொழில் புரிந்து வந்துள்ளனர். எப்பாரில் வலை சிக்கும், எத்திட்டில் நீர் மாறும் என்பது அவர்களுக்குப் பாடம். அந்திக்கிதீராவிலும் கெலிதோனியாவிலும் கொடவாயவிலும் நிகழ்ந்ததை நோக்கின், இக்கடலில் ஒரு பழங்கலம் வெளிப்படுமாயின், அதனை முதலிற் காணும் கண் ஒரு சுழியோடியின் கண்ணாகவே இருத்தல் கூடும். அடுத்து அவர் செய்யப் போவதிலேயே யாவும் தங்கியுள்ளது.

இங்கே காலதாமதத்துக்கு இடமில்லை. கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி, மீனை மட்டும் அள்ளுவதன்று. கிடப்பவற்றையெல்லாம் உருட்டி, முறித்து, இடம்பெயர்க்கும். இலங்கைப் பாராளுமன்றம் 2017-ஆம் ஆண்டில் அம்முறையைச் சட்டத்தாற் றடைசெய்தது. மீன்வளத்தைக் காக்க எழுந்த அச்சட்டம், முறையாகப் பேணப்படின், கடலடி வரலாற்றுக்கும் காவலாகும். நீரடி மரபுரிமையைப் பற்றி யுனெசுக்கோ 2001-ஆம் ஆண்டில் ஏற்ற உடன்படிக்கையும், கிடக்கும் இடத்திலேயே காத்தலை முதல் வழியாக வைத்து, அப்பொருள்களை வாணிகத்துக்காகச் சுரண்டுவதை விலக்குகின்றது. இலங்கையில் 1940-ஆம் ஆண்டின் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், பழம்பொருளைக் கண்டெடுத்தோர் அதனை அறிவிக்க வேண்டும் என விதிக்கின்றது. காலியிற் கடல்சார் தொல்லியற் பிரிவொன்று 2001-ஆம் ஆண்டில் அமைந்தது. 1659-ஆம் ஆண்டில் அங்கே மூழ்கிய ‘அவொன்ட்சுடர்’ என்னும் ஒல்லாந்தக் கப்பலை ஆராய்ந்து அது பயிற்சி பெற்றது. 2004-ஆம் ஆண்டின் ஆழிப்பேரலை அதன் பணியிடத்தை அழித்தபோதும், அப்பிரிவினர் மீண்டும் எழுந்து கொடவாயப் பணியிற் பங்குகொண்டனர்.

ஆகவே, கடலிலே பழங்கல்லோ, பானையோ, வரிசையாகக் கிடக்கும் மரமோ, நங்கூரமோ கண்ணிற்படின், செய்யத்தக்கவை சிலவே. அதனைப் பெயர்க்காது விடுதல் முதலாவது. கரையிலுள்ள கோபுரத்தையும் பனங்கூடலையும் வெளிச்சவீட்டையும் நேர்பார்த்து இடத்தைக் குறித்துக்கொள்ளுதல் இரண்டாவது. கடற்றொழிலாளருக்கு இது புதிய கலையன்று. தொல்பொருளியல் திணைக்களத்துக்கோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் தொல்லியல் துறைக்கோ அறிவித்தல் மூன்றாவது. வலையிற் சிக்கித் தானே மேலே வந்துவிட்ட பொருளாயின், அதனை வெயிலில் உலர்த்தாது, சுரண்டாது, அது வந்த கடனீரிலேயே வாளியில் இட்டு வைத்தல் நான்காவது. பாடசாலை மாணவரும் இதனை அறிந்திருத்தல் நன்று. தந்தையின் வள்ளத்தில் வந்த பொருளை முதலிற் கையிலெடுப்போர் பெரும்பாலும் பிள்ளைகளே.

பராக்கிரமபாகுவின் காலத்தில், உடைந்த கலத்தின் சரக்கைப் பங்கிடுவதே நீதியாயிருந்தது. அரசுக்கு ஒரு பங்கு, உடையவனுக்கு ஒரு பங்கு. சரக்கு எத்தனை கூறாயினும் அதன் மதிப்புக் கெடவில்லை. இன்றோ, உடையவன் மறைந்து நூற்றாண்டுகள் கழிந்தன. சரக்கின் விலையும் போயிற்று. எஞ்சியிருப்பது அக்கலம் கூறவல்ல செய்தி ஒன்றே. அதனை நாலு பங்காகவோ இரண்டு பங்காகவோ பிரித்தல் இயலாது. ஒரு கல் ஒருவர் வீட்டுக்கும், ஒரு குடம் மற்றொருவர் கடைக்கும் சென்றபின், எவர் கையிலும் எதுவும் மிஞ்சுவதில்லை. முழுதாகக் கிடக்கும்வரையே அது ஊராத்துறையின் வரலாறு.